சிவப்பு டேக் கட்டிய லென்ஸ்

என் அக்காளைக் கட்டிக்கொள்ள மணவறை ஏறிய அன்று, அப்புசாமி அத்தான் உட்காருவதற்கு முன் அதன் நாலு கால்களையும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். மாலையும் கழுத்துமாகக் குனிந்து, வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக. பெம்பான் ஊர்க் கோயில் மண்டபமே வாயைப் பிளந்து பார்த்தது. "ஆடுது" என்றார் ஐயரிடம். மரத்துண்டு ஒன்றை வரவழைத்து முட்டுக் கொடுத்த பிறகுதான் உட்கார்ந்தார். "மாப்பிள்ளைக்குத்தான் ஒரு நட்டு லூசு" என்று கோமளா அக்காள் காதில் சொன்னேன். தாலி ஏறும்வரை அவள் சிரிப்பை அடக்க முடியாமல் திண்டாடினாள். எனக்கு அப்போது இருபது வயது. வாய் இன்றைக்கும் அதே அளவுதான்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது, தொழில் அப்படி. அவர் சாரம் கட்டுகிறவர். பத்தொன்பது வயதில் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தை விட்டுக் கிளம்பி, முதலில் கட்டடங்களிலும் பிறகு சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலும் இரும்புக் குழாய்களை முடுக்கி முடுக்கியே வயதானவர். ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் காலத்துக்கு ஷட்டவுன் என்று பெயர். அந்த நாட்களில் அவரை வீட்டில் பார்க்க முடியாது. கட்டி முடித்த சாரத்தைச் சோதித்துவிட்டுப் பச்சை டேக் மாட்டினால் ஏறலாம். சிவப்பு டேக் தொங்கினால் மேனேஜராக இருந்தாலும் கை வைக்கக்கூடாது.

அந்தச் சிவப்பு டேக்குகள் குருபோங்கிலிருந்த அவர் வீட்டிலும் நிறையக் கிடந்தன. கெட்டுப்போன ரைஸ் குக்கரில் ஒன்று தொங்கும், கால் ஒடிந்த நாற்காலியில் ஒன்று. அவர் மகன் ஹரிதாஸ் நாலாம் ஆண்டில் கணக்கில் தோற்றபோது, ரிப்போர்ட் கார்டில் ஒரு சிவப்பு டேக்கைக் கட்டி மேசை மேல் வைத்துவிட்டு ஒளிந்துகொண்டான். அத்தான் கடைசிவரை அதைத் திறக்கவில்லை. "டேக் கட்டியிருக்குலா, எப்படித் தொடுறது?" என்று அக்காளிடம் கேட்டாராம். அப்பனும் மகனும் ஒரே அச்சு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்கு எல்லாம் மீட்டர்தான். சாரத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இரண்டு மீட்டர். இடுப்பில் எந்நேரமும் அளக்கிற ஸ்டீல் டேப் தொங்கும். என் வீட்டுத் திரைச்சீலைக்கு ஏழடி வேண்டும் என்று ஒரு தடவை சொன்னேன். "அடி உதையெல்லாம் வேணாம் மலரு, மீட்டர்ல சொல்லு" என்றார். கண்ணாடியும் போடமாட்டார். நான் மலாக்கா டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். எழுத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிக்கிற ஒரு மனிதரைச் சொந்த வீட்டில் வைத்துக்கொண்டு ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கண்ணாடி விற்றுக்கொண்டிருந்தேன். கண்ணாடி போட்டவனை உயரத்தில் ஏற்றமாட்டார்கள் என்று அவருக்குப் பயம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பயம் போகவில்லை.

ஹரிதாஸ் எனக்கு மகன் மாதிரி என்று சொல்வது சம்பிரதாயமான பேச்சு. எனக்குப் பிள்ளை இல்லை, அவன்தான் மகன். ஆலையில் டெக்னீசியனாக வேலை. தன் கேமராவுக்கு மூவாரில் யாரிடமோ பழைய வைட் லென்ஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தான். கனமாக இருந்தது. ஆட்டோ போகஸ் எதுவும் கிடையாது. வளையத்தைக் கையால் திருப்ப வேண்டும். எவ்வளவு தூரத்துக்குத் திருப்பி வைக்கிறோமோ அந்தத் தூரத்தில் இருப்பதுதான் தெளிவாக விழும்.

"இந்தக் காலத்துல யாருடா கையால திருப்பிக்கிட்டு இருப்பா?" என்றேன்.

"கையால திருப்பினாத்தான் சித்தி நானே பார்த்த மாதிரி இருக்கு. ஆட்டோன்னா கேமரா பார்த்துட்டு எனக்குச் சொல்ற மாதிரி இருக்கு."

பேச்சில் அவனை ஜெயிக்க முடியாது. அதுவும் என் வளர்ப்புதான்.

அவனுக்குப் பாலைவனத்தைப் படம் எடுக்க வேண்டும் என்று ஒரு பைத்தியம். மழை விடாத ஊரில் பிறந்தவனுக்கு வேறென்ன ஆசை வரும். கிளேபாங்கில் கடலைத் தூர்த்து நிரப்பிய இடத்தில் மணல் மேடு மேடாகக் கிடக்கிறது. எல்லாரும் அதைப் பாடாங் பாசிர் என்கிறார்கள், மலாயில் பாலைவனம் என்று அர்த்தம். கல்யாண ஜோடிகள் அங்கே போய் அரபு நாட்டில் நிற்கிற மாதிரி படம் எடுத்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹரிதாசும் போய்த் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு அந்த மணலை எடுப்பான். தூரத்துக் கட்டடங்கள் விழாமல் மணலும் வானமும் மட்டும் விழ வேண்டும். அதற்காக ஒரு மணி நேரம் நகர்ந்து நகர்ந்து இடம் பார்ப்பான். "இது ட்ரையல் சித்தி. ஒரிஜினல் ஒரு நாள் எடுப்பேன்" என்பான்.

ஒரிஜினல் கிடைத்தது. ஓமானில் ஒரு ஷட்டவுன் வேலைக்கு மூன்று மாதக் காண்டிராக்டில் போனான். கூடவே அவன் கூட்டாளி யுவனேஸ்வரனும் போனான். பெம்பான் பையன், பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பேரும் ஒன்றாகத் திரிந்தவர்கள். யுவன் எங்கள் வீட்டில் சாப்பிட்ட சோற்றுக்குக் கணக்கு இல்லை.

ஒரு வியாழக்கிழமை ஹரிதாஸ் போன் செய்தான். அதற்கு முன் மூன்று படம் அனுப்பியிருந்தான். மூன்றிலும் மணல், வானம், வேறொன்றுமில்லை. அக்காள் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"மணலையே அனுப்புற, உன் மூஞ்சி எங்கடா? மெலிஞ்சிருக்கியா என்னான்னு எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த தடவ உன் மூஞ்சிய அனுப்பு."

"அனுப்புறேன்மா. நாளைக்கி லீவு..." என்று என்னவோ சொன்னான். லைன் விட்டு விட்டு வந்தது. அக்காள் காதில் விழுந்தது 'பாடாங்' என்ற ஒரு சொல்தான். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பாடாங் என்றால் பந்து விளையாடும் திடல். "சரி, வெயில்ல ரொம்ப நேரம் ஆடாத" என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு அத்தானிடம், "நாளைக்கிப் பையன்களோட பந்து விளையாடப் போறானாம்" என்றாள்.

மறுநாள் கேம்பிலிருந்த ஒரு பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு பாலைவனத்துக்குப் போயிருக்கிறான். திரும்பும் வழியில், மதிய வெயிலில், வண்டி நேர் ரோட்டிலிருந்து விலகி உருண்டிருக்கிறது. தூங்கியிருக்கலாம் என்றது போலீஸ் காகிதம். அவனுக்கு வயது இருபத்தேழு. பதினோரு நாள் கழித்துப் பெட்டியில் வந்தான். அதற்கு மேல் அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

வீட்டில் மாட்டுவதற்கு அவன் படம் ஒன்று தேடினோம். எல்லாரையும் எடுத்தவனுக்குச் சொந்தப் படமே இல்லை. கடைசியில் ஐசியில், அதாவது அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கி மாட்டினோம். அதில் அவன் எதிரே இருக்கும் ஆபீசர் மேல் கோபமாக இருக்கிறவனைப் போல முறைக்கிறான். அக்காள் தினமும் அதற்குப் பூ வைத்தாள், ஆனால் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். "இது அவன் இல்ல மலரு" என்று ஒரு நாள் சொன்னாள்.

கருமாதி அன்று யுவன் ஹரிதாசின் பையைக் கொண்டுவந்து கொடுத்தான். கேமரா நசுங்கியிருந்தது. மெமரி கார்டு இருக்கும் இடத்தின் மூடி திறந்து உள்ளே காலியாகக் கிடந்தது. லென்ஸ் மட்டும் முழுதாக இருந்தது, அதன் இடுக்குகளில் சிவந்த மணல். அத்தான் அதைக் கையில் எடுத்தார். சொந்தக்காரர்கள் இன்னும் இலையை விட்டு எழுந்திருக்கவில்லை. கையை நீட்டி, கண்ணைச் சுருக்கி, வளையம் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்தார்.

"ரெண்டு" என்றார்.

பிறகு யுவனைப் பார்த்தார். "நீ அன்னிக்கி அவன்கூடப் போனியா?"

"இல்ல அங்கிள். நான் போகல."

"கடைசியா எடுத்த படத்துல அவனுக்கு ரெண்டு மீட்டர் முன்னால யாரோ நின்னிருக்காங்க. மணலை எடுக்கிறவன் ரெண்டு மீட்டர்ல வைக்கமாட்டான். ஆளை நிக்க வச்சு எடுத்திருக்கான். யாரு அது?"

"தெரியாது அங்கிள்."

"கார்டு எங்க?"

"காணோம் அங்கிள். வண்டி உருண்டப்ப மணல்ல விழுந்திருக்கும்."

"பந்து விளையாடப் போறேன்னு அவன் அம்மாகிட்ட சொல்லியிருக்கான். தனியாவா பந்து விளையாடுவாங்க?" அத்தானின் குரல் ஏறியது. "கூடப் போனவன் கூடவே திரும்பி வந்திருந்தா, பேச்சுக் கொடுத்திருந்தா, என் பையன் தூங்கியிருக்கமாட்டான். போயிட்டு, படமும் எடுத்துக்கிட்டு, அவனைத் தனியா ஓட்ட விட்டுட்டு வேற வண்டியில வந்திருக்க. அந்தப் படம் வெளிய வந்தா மாட்டிக்குவேன்னு கார்டையும் எடுத்துட்ட."

யுவன் வாயைத் திறந்தான். ஏதோ சொல்ல வந்தான். அக்காள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

"இந்த வீட்டுப் படி இனிமே ஏறாத" என்றார் அத்தான்.

யுவன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இழுத்துக்கொண்டே போனான். கூடத்தில் முப்பது பேர் இருந்தோம். ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும்தான். வேண்டாத இடத்திலெல்லாம் திறக்கிற வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. மகனைப் பறிகொடுத்தவரிடம் என்ன வாதாடுவது என்று இருந்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அத்தான் அந்த லென்சுக்குப் பொருந்துகிற பழைய கேமரா ஒன்றைத் தேடி வாங்கினார். வளையம் அசையக்கூடாது என்று எண்கள் மேலேயே மஞ்சள் ஒட்டு டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றினார். கேமரா வாரில் ஒரு சிவப்பு டேக் கட்டினார். வேறு யாரும் தொடக்கூடாது. அவன் விரல் கடைசியாக விட்ட இடத்தில் அது நிற்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அது புரிந்தது. ஹரிதாஸ் எங்கள் வீட்டில் விட்டுப்போன சோப்பு ஒன்று குளியலறையில் காய்ந்துபோய்க் கிடக்கிறது. நானும் அதைத் தொடவில்லை.

பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிளேபாங் போக ஆரம்பித்தார். மோட்டார் சைக்கிளில் கேமராவை நெஞ்சோடு கட்டிக்கொண்டு. "அவன் பார்த்த மாதிரி ஒரு தடவ பார்க்கணும்" என்றார். அவருக்குத் துணையாகப் போகச் சொல்லி அக்காள் என்னைக் கெஞ்சினாள். நானும் என் மைவி காரை எடுத்துக்கொண்டு பின்னால் போவேன். ஒரு பக்கம் வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கல்யாணப் பெண்கள், ஒரு பக்கம் தேங்காய் ஷேக் குடித்துவிட்டு மணலில் ஓடுகிற பிள்ளைகள். நடுவில் அறுபத்தோரு வயது மனிதர் ஒருவர், வேலைத்தளத்து பூட்சோடு, மணலைப் பார்த்து நிற்பார்.

படங்கள் எல்லாம் மங்கல். மேடும் வானமும் கலங்கிய தண்ணீரில் தெரிகிற மாதிரி இருக்கும். வளையத்தைத் திருப்பினால் சரியாகிவிடும். அது அவருக்கும் தெரியும். திருப்பமாட்டார்.

ஒரு வாரம் என்னை நிற்க வைத்து எடுத்தார். இடுப்பிலிருந்த ஸ்டீல் டேப்பை இழுத்து, லென்சிலிருந்து என் மூக்கு நுனிவரை இரண்டு மீட்டர் அளந்து, "அசையாத மலரு" என்றார். படத்தில் என் முகத்துக்குப் பதில் ஒரு வெள்ளைப் பூசணிக்காய் இருந்தது.

"ரெண்டு மீட்டர்ல தெளிவா விழணுமே" என்று முணுமுணுத்தார். திரும்ப அளந்தார். திரும்ப எடுத்தார். திரும்பவும் பூசணிக்காய்.

"நான் அசையல அத்தான்."

"நீ என்னிக்கி அசையாம இருந்திருக்க" என்றார். கை நடுங்குது என்றார், கேமரா சரியில்லை என்றார், மணல் தூசி என்றார். அந்த எண் சரிதானா என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். டேப் சுற்றியிருந்தது, டேக் தொங்கியது, நான் கேட்கவில்லை. கண்ணாடிக் கடையில் தினமும் இருபது பேருக்குத் தூரமும் கிட்டமும் பார்த்துச் சொல்கிறவள் நான்.

திரும்பி வரும்போது காருக்குப் பக்கத்தில் நின்று ஒரு தடவை சொன்னார்: "யுவன் மேல எனக்குக் கோபம் மட்டும் இல்ல மலரு. அவன் அங்க நின்னிருந்தான்னா, என் பையன் கடைசியா ஒரு மனுசன் முகத்தப் பார்த்துச் சிரிச்சிருப்பான்ல." அதைச் சொல்லிவிட்டு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார். நான் காரில் உட்கார்ந்து நன்றாக அழுதுவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. முதல் திதி கொடுத்த வாரம், ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காள் புடவை கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"நானும் வரேன்" என்றாள்.

அதுவரை அவள் அந்தப் பக்கமே போனதில்லை. மூன்று பேரும் என் காரில் போனோம். மணலில் இறங்கியதும் அக்காள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்தாள்.

"இதுதான் பாடாங் பாசிரா?"

"ஆமா" என்றேன்.

"இதுக்கும் பாடாங்னுதான் பேரா" என்றாள்.

அத்தான் வழக்கம்போலக் கேமராவைக் கண்ணில் வைத்து மணலை எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அக்காள் பக்கத்தில் போய்ப் பின்னாலிருந்த சின்னத் திரையைப் பார்த்தாள். மங்கல். அவள் முகம் சுருங்கியது.

"அப்பனுக்கும் மகனுக்கும் மணல்தான். ஒரு வருசமா வரீங்க, உங்க மூஞ்சி ஒண்ணுல இருக்கா? நாளைக்கி உங்களுக்கும் ஐசி படத்தத்தான் மாட்டணுமா?" என்று சொல்லிக்கொண்டே கேமராவைப் பிடுங்கினாள்.

"கோமளா, டேக் கட்டியிருக்கு!"

"உங்க டேக்கக் கொண்டுபோயி குக்கர்ல மாட்டுங்க."

போனில் படம் எடுத்துக்கொள்கிற மாதிரி கேமராவைத் தங்கள் பக்கம் திருப்பினாள். கனம் தாங்காமல் கை ஆடியது. கையை நன்றாக நீட்டினாள். இன்னொரு கையால் அத்தான் சட்டையைப் பிடித்து இழுத்துத் தன் முகத்தோடு முகத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு அழுத்திவிட்டாள்.

அத்தான் கேமராவைத் திரும்ப வாங்கினார். திட்டத்தான் வாயைத் திறந்தார். திரையைப் பார்த்தார்.

நான் போய் எட்டிப் பார்த்தேன். இரண்டு முகமும் அப்படியே இருந்தன. அக்காளின் பொட்டு ஓரத்தில் கசிந்திருந்த வியர்வை, அத்தான் மழிக்காமல் விட்ட நாலு வெள்ளை முடி, எல்லாம். பின்னால் மணல் மட்டும் கலங்கியிருந்தது. ஒரு வருஷத்தில் அந்த லென்ஸ் தெளிவாக எடுத்த முதல் படம் அதுதான்.

அத்தான் என் பக்கம் கையை நீட்டினார். "உன் கண்ணாடியக் கொடு."

முப்பது வருஷத்தில் கேட்காதவர் கேட்டார். கழற்றிக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டார். மஞ்சள் டேப்பின் ஓரத்தை நகத்தால் கிளப்பி மெதுவாக உரித்தார். வளையத்தில் எண்கள் இரண்டு வரிசையாக இருந்தன, ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. மஞ்சள் வரிசையில் இரண்டு என்ற எண் கோட்டுக்கு நேராக நின்றது. அந்த வரிசையின் ஓரத்தில் எறும்பளவில் இரண்டு ஆங்கில எழுத்து.

"எஃப், டி" என்று படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ரெண்டு அடி."

ஸ்டீல் டேப்பை உருவினார். அக்காள் கையை முன்போலவே நீட்டச் சொன்னார். அவள் ஒன்றும் புரியாமல் கேமராவைப் பிடித்துக்கொண்டு நீட்டினாள். லென்சிலிருந்து அவள் முகம்வரை அளந்தார். அந்த ஸ்டீல் டேப்பில் ஒரு ஓரம் மீட்டர், மறு ஓரம் அடி. அந்த மறு ஓரத்தை அவர் படித்து நான் அன்றுதான் பார்த்தேன். சரியாக இரண்டடி இருந்தது.

டேப் சர்ரென்று உள்ளே சுருண்டுகொண்டது. அத்தான் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"அவன் முன்னால யாரும் நிக்கல" என்றார். "கைய நீட்டி அவனே அவனை எடுத்திருக்கான். தனியா இருந்திருக்கான் கோமளா. அங்க ஒருத்தருமே இல்ல."

அக்காள் கேமராவை நெஞ்சில் அணைத்துக்கொண்டு நின்றாள். "நான்தான் கேட்டேன்" என்றாள். "மூஞ்சிய அனுப்புடான்னு நான்தான் கேட்டேன்." பிறகு வேறொரு குரலில், "அவன் பந்து விளையாடப் போறேன்னு சொல்லலீங்க. பையன்களோடன்னும் சொல்லல. பாடாங்னு சொன்னான். மத்ததெல்லாம் நானே சேர்த்துக்கிட்டேன்" என்றாள்.

எனக்கு இப்படி ஒரு துக்கம் அதற்கு முன் வந்ததில்லை, அவன் பெட்டியில் வந்த அன்றுகூட. அம்மா கேட்டதைச் செய்திருக்கிறான். யாருமில்லாத அந்த வெயிலில், கேமராவைத் திருப்பிப் பிடித்து, இரண்டடிக்கு வளையத்தைத் திருகி, அவளுக்காகச் சிரித்திருக்கிறான். அந்தச் சிரிப்பு எங்கேயோ மணலுக்குள் கிடக்கிறது.

அத்தான் எழுந்து பேண்டைத் தட்டிக்கொண்டார். "பெம்பானுக்கு வண்டிய விடு மலரு" என்றார்.

யுவன் ஓமானிலிருந்து வந்தவன் திரும்ப எந்த ஷட்டவுனுக்கும் போகவில்லை, பெம்பானில் ஒரு பட்டறையில் இரும்புக் கேட்டுகளுக்கு வெல்டிங் செய்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். வீட்டு வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். எங்கள் காரைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றான். கையிலிருந்த ரப்பர் குழாயிலிருந்து தண்ணீர் அவன் காலிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. ஆள் பாதியாகியிருந்தான். அடி விழப்போகிறது என்று நினைத்தவன் போல நின்றான், ஆனால் நகரவில்லை.

அத்தான் அவனிடம் போனார். கேமராவின் பின்புறத்துத் திரையைக் காட்டினார். வளையத்தைக் காட்டினார்.

"அது அடி கணக்குப்பா. நான் மீட்டர்னு படிச்சிட்டேன். நீ அங்க இல்ல. எனக்குத் தெரிஞ்சு போச்சு." கேமராவை இறக்கினார். "முப்பது பேர் முன்னால உன்னை அப்படிச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது யுவா. பெரிய தப்பு."

யுவன் குழாயைக் கீழே போட்டான். திரையைப் பார்த்தான், அந்த இரண்டு முகங்களையும். தோள் குலுங்க ஆரம்பித்தது.

"கூப்பிட்டான் அங்கிள்" என்றான். "காலையில வந்து எழுப்பினான். வாடா, பாடாங் பாசிர் பார்த்துட்டு வந்துடுவோம்னு. நான் ராத்திரி ஷிப்டு முடிச்சிட்டு அப்பத்தான் படுத்தேன். போடான்னுட்டேன். அன்னிக்கி உங்க வீட்டுல அதைச் சொல்ல வாய் வரல. நீங்க திட்டினதுல தப்பே இல்ல அங்கிள். நான் போயிருந்தா அவன் கைய நீட்டி எடுத்திருக்கமாட்டான். கேமராவ என் கையில கொடுத்திருப்பான்."

அக்காள் போய் அவன் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். "சாப்பிட்டியாடா?" என்று கேட்டாள். வேறு என்ன கேட்பாள். ஒரு வருஷமாக அவள் யாரையும் அதைக் கேட்கவில்லை.

அத்தான் கேமரா வாரிலிருந்த சிவப்பு டேக்கை அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கேமராவை யுவனிடம் நீட்டினார்.

"எங்கள ஒண்ணு எடு" என்றார்.

யுவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். அத்தானும் அக்காளும் வாசல் கேட்டுக்கு முன்னால் நின்றார்கள். அவன் பின்னால் நகர்ந்து, கண்ணில் வைத்துப் பார்த்து, இறக்கினான்.

"மங்கலா இருக்கு அங்கிள். போகஸ் மாத்தணும்."

"எவ்வளவு தூரத்துல நிக்கிற?"

யுவன் தரையைப் பார்த்தான். "ரெண்டு மீட்டர் இருக்கும்."

அத்தான் இடுப்பிலிருந்த ஸ்டீல் டேப்பைத் தொட்டு, உருவாமல் விட்டார்.

"அப்ப மாத்து" என்றார்.

யுவன் வளையத்தைத் திருப்பினான். இறுகிப் போயிருந்தது, உள்ளே மணல் நெரிபடுகிற சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அக்காள் கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது கூடத்தில் ஹரிதாஸ் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தில் எல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறது, அவள் கண் மட்டும் மூடியிருக்கிறது.